பதினொரு போர்வைக் கடைகள்

அந்த மாலை வகுப்பை நினைத்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது முழங்கால்தான். தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு அறையை மாலை ஆறு மணிக்கு மேல் நிவாரண அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சுகள். அவற்றில் ஓட்டுநர்களும் நர்சுகளும் கிடங்குக் குமாஸ்தாக்களுமாகப் பதினான்கு பேர் மடக்குக் குடை போல மடங்கி, மோவாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதினார்கள். சுவரில் பிள்ளைகள் வரைந்த சூரியன்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒரு சூரியனுக்கு யாரோ மீசை வைத்திருந்தார்கள். இன்று அந்தப் பதினான்கு பேரும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். எப்போதாவது ஒருவர் போனில் கூப்பிட்டால், பேச்சு எங்கே சுற்றினாலும் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடும்.

அவள் கிடங்குக் குமாஸ்தா. பகலெல்லாம் வந்த மூட்டை, போன மூட்டை என்று சீட்டு எழுதுகிற வேலை. எதையும் மூன்று தரம் சரிபார்ப்பாள். சரியாக இருந்தால் அதுவே சந்தேகமாகி நான்காவது தரமும் பார்ப்பாள். வகுப்பில் கேள்வி கேட்டால் "ஒருவேளை..." என்று தொடங்கித்தான் பதில் சொல்வாள். இரண்டாவது வாரமே லாரி ஓட்டுநர் அதைப் பட்டப்பெயராக்கிவிட்டார்.

"ஒருவேளையம்மா வந்தாச்சா? இன்னைக்குக் கிழமை என்னன்னு அவங்களைக் கேளுங்க. 'ஒருவேளை புதனா இருக்கலாம்'னு சொல்லுவாங்க."

"சும்மா இருங்கண்ணே," என்பாள். ஆனால் உண்மையிலேயே ஒரு தரம் காலண்டரைப் பார்த்துக்கொள்வாள்.

பாடம் நடத்தியவளுக்கு அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். எல்லாரும் மேடம் என்றார்கள். எட்டு மணிக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் மேடம் நின்று பேசியதே கிடையாது, நடந்துகொண்டே பேசுவாள். முதல் நாள் வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"வெள்ளத்துல வீடு போன குடும்பத்துக்கு என்ன வேணும்?"

போர்வை, சோப்பு, வாளி, விளக்கு, பாத்திரம் என்று ஆளுக்கு ஒன்றாகக் கத்தினார்கள். கரும்பலகை நிரம்பிப் போயிற்று.

"சரி. இதெல்லாம் போன வாரம் வரைக்கும் அவங்க எங்கே வாங்கினாங்க?"

பத்து வருஷமாக லாரி லாரியாகச் சாமான் இறக்கியவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தக் கடை இன்னைக்கும் திறந்திருந்தா நாம எதுக்கு லாரி அனுப்பறோம்? கையில பணத்துக்குப் பதிலா ஒரு சீட்டைக் கொடுத்தா அவங்களே போய் வாங்கிக்குவாங்க, கடைக்காரருக்கு நாம காசு கொடுத்துடலாம். கடை செத்துப் போச்சுன்னாதான் லாரி. செத்திருக்கா உயிரோட இருக்கான்னு பார்க்கக் கத்துக்கறதுதான் இந்தப் பன்னிரண்டு வாரமும்."

பார்க்கிற முறையும் எளிதுதான். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு படம் வரைய வேண்டும். ஒன்று, வழக்கமான நாளில் அந்தப் பொருள் ஆலையிலிருந்து மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று கை மாறி வீட்டுக்கு எப்படி வருகிறது என்பது. வழக்கமான நாள் என்றால் போன வருஷம் இதே மாதம். இன்னொன்று, இப்போதைய நிலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது அறுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். படத்தில் போடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். அதில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு: 'யார் சொன்னது?'

ஐந்தாவது வாரம் வரை எல்லாம் கற்பனை ஊர்தான். பிறகு நிஜமாகவே ஆறு கரையை உடைத்தது.

ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் விளையாட்டரங்கத்துக் கூடத்தில் வந்து ஒண்டின. குளிர் காலம் தொடங்கியிருந்தது. கூடத்தின் தரை சிமெண்ட். நர்ஸ் அக்கா முதல் நாள் போய்விட்டு வந்து, "பிள்ளைங்க இருமறது வாசல் வரைக்கும் கேக்குது," என்றார். போர்வை வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தலைமை அலுவலகத்தின் கிடங்கிலிருந்து லாரியில் வர மூன்று வாரமாகும். உள்ளூர்க் கடைகளால் கொடுக்க முடியுமென்றால் இரண்டே நாளில் முடிந்துவிடும். முடியுமா என்று பார்த்துச் சொல்லத் தலைமை அலுவலகத்தை ஆள் அனுப்பச் சொன்னால், ஆள் வரவே பத்து நாளாகும். கடைசியில் பெரிய அதிகாரி, "வகுப்புல கத்துக்கிட்டதைச் செஞ்சு காட்டுங்க," என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை அறிக்கை. சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து.

ஓட்டுநர் சாலைகளைப் பார்த்தார். நர்ஸ் அக்கா கூடத்தில் குடும்பங்களைக் கேட்டார். ஊரின் போர்வைக் கடைகளெல்லாம் இருக்கிற போர்வைச் சந்து யாருக்கு என்று வந்தபோது அவள் கையைத் தூக்கினாள்.

"நான் பிறந்ததே அந்தச் சந்துலதான் மேடம்."

பன்னிரண்டு வயது வரை அவர்கள் குடும்பம் அங்கேதான் இருந்தது. பெரியப்பாவின் போர்வைக் கடை கீழே, வீடு மேலே. பிறகு அப்பாவுக்கு ஊரின் மறு கோடியில் வேலை கிடைத்தது. பெரியப்பா கடையைப் பலகையோடு, பெயரோடு இன்னொருவருக்கு விற்றுவிட்டு அவர்களோடே வந்துவிட்டார். அப்போது ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் போக வேலையே இருந்ததில்லை.

புதன்கிழமை போனாள். சந்து முனையில் திரும்பியதும் அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. ஈரக் கம்பளியும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஓடிவந்து போர்வைக் கட்டின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிப் போவாளே, அந்த வாசனை. சாயங்காலம் பெரியப்பா எழுப்பும்போது கன்னத்தில் கம்பளிக் கோடு பதிந்திருக்கும். "இந்தாங்க, நம்ம கடை முத்திரை விழுந்திருக்கு," என்று வருகிறவர்களிடம் காட்டுவார்.

மூன்று கடை திறந்திருந்தது. மற்ற எட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. எல்லாவற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வெள்ளத்தின் சேற்றுக் கோடு. பெரியப்பாவின் பெயர்ப் பலகை அதே இடத்தில் தொங்கியது. பதினொரு கடையில் எட்டை ஆறு கொண்டுபோய்விட்டது என்று நினைத்தாள்.

மூலைக் கடைக்கார அம்மா நனைந்த சரக்கை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இப்போது என்ன இருப்பு, எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் கேட்டு எழுதினாள். வழக்கமான நாளைப் பற்றி அவள் கேட்கவில்லை. வேலையாக இருப்பவரை நிறுத்தி, தனக்கே தெரிந்த சங்கதியைக் கேட்பானேன்? வெளியே கிடந்த ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் கடை, அடுத்தது இரட்டையர் கடை, அதற்கடுத்து வாய் ஓயாமல் பாடிக்கொண்டே அளக்கிற நீளக்கைக்காரர் கடை என்று ஒவ்வொன்றாக எழுதினாள். பென்சில் தானாக ஓடியது. பதினொரு படிவத்திலும் கடைசிக் கட்டத்தில் 'நேரில் அறிந்தது' என்று எழுதினாள். அத்தனை வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் எதையும் இரண்டாம் தரம் சரிபார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் படம்தான் எல்லாரையும் கவர்ந்தது. ஒரே அட்டையில் இரண்டு பாதி. இடது பக்கம் பதினொரு கட்டம், வலது பக்கம் மூன்று. மேடம் ஒரு நிமிஷம் நடக்காமல் நின்று பார்த்தாள்.

"போன வருஷத்து நிலை இதுதானே? உறுதியா?"

"உறுதி மேடம்."

"அட, ஒருவேளையம்மா வாயில உறுதியா!" என்றார் ஓட்டுநர். வகுப்பே சிரித்தது. "அப்ப எழுதிக்கோங்க மேடம். இனி அதுக்கு மேல சாட்சி கிடையாது."

சந்தை முக்கால் பங்கு விழுந்துவிட்டது, லாரிதான் வழி என்று அறிக்கை முடிந்தது. படத்துக்கு மசியில் ஓரக்கோடு போட்டுக் காலையில் கொண்டுவருகிறேன் என்று அவள் அட்டையைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

சனிக்கிழமை காலை. அவள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பெரியப்பா அட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டீ டம்ளரை வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதன் மேல் கவிழ்ந்திருந்தார்.

"பெரியப்பா! டீ கொட்டிடப் போகுது."

"கொட்டாது, கொட்டாது. அடடா, என்னமா போட்டிருக்கே! நீளக்கையைக்கூட விடலையே. இது நம்ம கடை. உன் கட்டு இங்கேதான் இருக்கும், இந்த மூலையில. வாசல் படிதான் ரெண்டு, நீ ஒண்ணு போட்டிருக்கே."

அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் வெகுநாளாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் விரலால் சந்துக்குள் நடந்தார்கள்.

"கண்ணாடிக்காரர்," என்று விரலை நிறுத்தினார். "பாவம், நல்ல மனுஷன். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. மகன் வெளியூர்ல செட்டிலாயிட்டான். இரட்டையர் ரெண்டு பேரும் பங்கு பிரிக்கறேன்னு கடையையே பிரிச்சுட்டாங்க. ஆமா, இது எந்த வருஷத்துப் படம்? நீ அஞ்சாவது படிச்சப்பவா?"

"போன வருஷம், பெரியப்பா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"போன வருஷம் எங்கேம்மா இத்தனை கடை? எல்லாம் ஒண்ணொண்ணா மூடி எத்தனையோ காலம் ஆச்சு."

"நம்ம கடை இருந்துச்சே? வாங்கினவர் நடத்தறாருன்னு..."

பெரியப்பா கண்ணாடியை இறக்கித் துடைத்தார்.

"அவர் ஒரு வருஷம்கூட நடத்தலை. பலகையை மட்டும் யாரும் கழட்டலை. வீட்டில சொல்ல எனக்கு மனசு வரலை. அது ஓடிக்கிட்டிருக்குன்னே நீங்க எல்லாரும் நினைச்சுட்டுப் போங்களேன்னு விட்டுட்டேன்."

எட்டுக் கதவிலும் இருந்த சேற்றுக் கோடு கண் முன்னால் வந்தது. வெள்ளம் கடையை மூடவில்லை. என்றோ மூடிய கதவைத் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. போன வருஷமும் மூன்று. இந்த வருஷமும் மூன்று. எதுவும் அறுந்திருக்கவில்லை.

"இதைத் திருத்தணும் பெரியப்பா. பதினோரு மணிக்கு லாரிக்குக் கையெழுத்துப் போட்டுடுவாங்க."

"போடட்டுமே. ஓசியில போர்வை வரும், வாங்கிக்குவாங்க. இதுல யாருக்கு என்ன கஷ்டம்? இவ்வளவு அழகா போட்டதைப் போய்..." அவர் உள்ளங்கை அவருடைய கட்டத்தின் மேலேயே இருந்தது.

"லாரி வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் பிள்ளைங்க வெறும் சிமெண்டுல படுத்திருப்பாங்க."

பெரியப்பா கட்டத்தின் மேலிருந்த கையை விலக்கினார். பிறகு நான்கு டம்ளர்களையும் ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அப்ப ஏன் இன்னும் உக்காந்திருக்கே? தலையை நான் வந்து வாரி விடணுமா? கிளம்பு."

ஓட்டுநருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு கிண்டலும் பண்ணவில்லை. அதுவே அவளுக்கு என்னவோ போலிருந்தது. பத்தே நிமிஷத்தில் வண்டி வாசலில் நின்றது.

மூலைக் கடைக்கார அம்மா அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, போன வருஷம் இதே மாசம் இந்தச் சந்துல எத்தனை போர்வைக் கடை இருந்துச்சு?"

"ஏன், இப்ப எத்தனை தெரியுது உனக்கு?"

"மூணு."

"அப்பவும் அதே மூணுதான். அதுக்கு முந்தின வருஷமும் மூணு. இதுக்கா காலங்காத்தால ஓடி வந்தே? அன்னைக்கே கேட்டிருக்கலாமே! நீ கேப்பேன்னுதான் நானும் பார்த்தேன். நீ என்னடான்னா மூட்டை மேல உக்காந்து தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டு எழுதிட்டிருந்தே. சரி, பொண்ணு ஏதோ லெட்டர் எழுதுதுன்னு விட்டுட்டேன்."

ஓட்டுநர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அவள் பென்சிலை எடுத்தாள். "ஆயிரத்து இருநூறு போர்வை வேணும்னா உங்களால கொடுக்க முடியுமா?"

"நான் ஒருத்தியா ஐந்நூறு தருவேன். எதிர் ரெண்டு கடையும் அப்படித்தான். ஆலைக்குப் போன் போட்டா நாளை மறுநாள் காலையில சரக்கு இறங்கிடும்."

"ரோடு?"

"மேட்டு ரோட்டுக்கு என்ன கேடு? தண்ணி அந்தப் பக்கமே போகலை," என்றார் ஓட்டுநர். "நான்தானே பார்த்து எழுதினேன். என் தாளை யாரு படிச்சீங்க? எல்லாரும் உங்க படத்தைப் பார்த்தே மயங்கிட்டீங்க."

மற்ற இரண்டு கடையிலும் கேட்டாள். மூன்று படிவத்திலும் கடைசிக் கட்டத்தில் சொன்னவரையே கையெழுத்துப் போடச் சொன்னாள்.

அலுவலகத்துக்குள் நுழையும்போது பதினொன்று ஐந்து. பெரிய அதிகாரி பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் மேடமும் நர்ஸ் அக்காவும். அவள் நேரே மேசைக்குப் போனாள்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. நேத்துக் காட்டின படம் தப்பு. தப்பு என்னோடதுதான்."

"நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா? எதைம்மா நான் நம்பறது?"

"இன்னைக்குச் சொல்றதை நம்புங்க சார். இது கடைக்காரங்க சொன்னது. நேத்து நான் வரைஞ்சது என் சின்ன வயசுச் சந்து. அது இப்ப அங்கே இல்லை. போன வருஷமும் இல்லை."

மேடத்தின் காது சிவந்துபோயிருந்தது. அவளும்தானே 'யார் சொன்னது' கட்டத்தைப் படிக்காமல் விட்டிருந்தாள்? மேடம் கையை நீட்டிப் படிவங்களை வாங்கி, மூன்று கையெழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு, "சரியாத்தான் இருக்கு சார். நானும் இதைப் பார்த்திருக்கணும்," என்றாள்.

"கோப்புல வைக்க எனக்குச் சரியான படம் வேணும்," என்றார் அதிகாரி.

வேறு அட்டை இல்லை. இருந்த ஒன்றையே மேசையில் விரித்தார்கள். நல்ல வேளையாக மசி ஏறவில்லை, எல்லாம் பென்சில்தான். நர்ஸ் அக்கா ஒரு ரப்பர் கொடுத்தார். கண்ணாடிக்காரரை அழித்தாள். இரட்டையரை அழித்தாள். நீளக்கைக்காரர் போனார். ஓட்டுநர் குனிந்து ரப்பர்த் தூளை ஊதி ஊதித் தள்ளினார். ஏழு முடிந்தது. எட்டாவது கட்டத்துக்கு வந்தபோது அவள் கை நின்றது. காலையில் பெரியப்பா சொன்னதைக் கேட்டு அவள் அதில் இரண்டாவது படியைப் போட்டிருந்தாள். எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் படிகளை அழித்தாள். பிறகு கடையை.

அதிகாரி லாரித் தாளை ஒதுக்கிவிட்டுச் சீட்டுக்குக் கையெழுத்திட்டார்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா மருந்துக்கடைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு, பெரியப்பா."

"நல்லா அழிச்சியா? தடம் ஏதாவது தெரியுதா?"

"உத்துப் பார்த்தாத் தெரியும்."

"உம்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அப்புறம் நான்கு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் மேல் கோபமா, ஊர் மேல் கோபமா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவர் இருந்தபோது கேட்கத் துணியவில்லை; இப்போது கேட்க அவர் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆலை வண்டி வந்து சரக்கை இறக்கியது. பத்து மணிக்கெல்லாம் கூடத்திலிருந்து ஆட்கள் சீட்டோடு வரத் தொடங்கினார்கள். மதியத்துக்குள் அந்தச் சந்தில் கால் வைக்க இடமில்லை. மூடிய கதவுகளின் படிகளில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் மூலைக் கடை வாசலில் நின்று சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமும் வாசனையும் எல்லாம் பழையபடியே இருந்தன. ஒரு கணம் கண்ணை மூடினால் பதினொரு கடையும் இருக்கும் போலிருந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

கைக்குழந்தையோடு ஒருத்தி கடைக்கார அம்மாவின் எதிரே நின்றிருந்தாள். பழுப்புப் போர்வையை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது குத்துது. அந்தப் பச்சையை எடுங்க."

"அடி, அது மேலே இருக்கு பாரு, கட்டையே பிரிக்கணும். குளிருக்குக் கலரா பார்ப்பாங்க?"

"சீட்டு என் கையில இருக்கு. படுக்கப் போறதும் நான்தான். எடுங்கக்கா."

கடைக்கார அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினார். "வீடு போனாலும் வாய் போகலை பாரு இவளுக்கு!" பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பச்சை இறங்கியது. அவள் அதையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்திலும் வைத்தாள். பிறகு மடித்துக் கொடுக்கக்கூட விடாமல் அங்கேயே குழந்தையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கியபடி வெளியே போனாள்.